ஆடியில் பிரிக்காத பெட்டி

ஜூலை 17, வியாழன் (ஆடி 1)

இன்று மன்றம் தொடங்கியது. தொடங்கவும் இல்லை. இரண்டும் உண்மைதான்.

‘வளரிளம் பருவத்தினர் மன்றம், நல்லூரணி’ என்று பலகை மாட்டியாயிற்று. பழைய தொலைக்காட்சி அறைக்கு வெள்ளையடித்து, நாற்பது நீல நாற்காலி போட்டு, இரண்டு மின்விசிறியும் சுற்றுகின்றன. பள்ளி விட்டதும் நாலரையிலிருந்து ஆறரை வரை எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை யாரும் வரலாம். விளையாடலாம், படிக்கலாம், சும்மா உட்கார்ந்து பேசலாம். பலகையின் கடைசி வரியில் ‘பொறுப்பாளர்: சா. ஆவுடைச்செல்வி’ என்று இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் ஜெராக்ஸ் கடையில் ஊரார் பெயரையெல்லாம் நகல் எடுத்தவள் நான். என் பெயர் ஒரு பலகையில் ஏறுவது இதுதான் முதல் தடவை. மூன்று தடவை துடைத்துவிட்டேன்.

மன்றத்தை நடத்தும் அறக்கட்டளையின் செயலாளர் திரவியம் சார் காலையிலேயே கூப்பிட்டார். ஆடி பிறந்துவிட்டதாம், திறப்பு விழாவை ஆவணியில் வைத்துக்கொள்வோம், சாமான் எதையும் பிரிக்க வேண்டாம் என்றார். டேபிள் டென்னிஸ் மேசை, நாலு கேரம் பலகை, மைக் செட் எல்லாம் அட்டைப்பெட்டியிலேயே சுவரோரம் நிற்கின்றன. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. போன வருஷம் ஆடித் தள்ளுபடியில் வாங்கிய மிக்சியையே ஆவணி பிறந்த பிறகுதான் பிரித்தேன்.

ஆவணி இரண்டாம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் பார்க்க வருகிறார். அன்றைக்கு முப்பது பிள்ளைகளாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் மன்றம் வேறு ஊருக்குப் போய்விடும், என் வேலையும் அதோடு சரி. முப்பது என்ன, ஐம்பது காட்டுகிறேன் என்றேன். திரவியம் சார் சிரித்தார். சிரிக்கட்டும்.

இன்று வந்தது ஒருத்தி. ஜெபரூபி, ஒன்பதாம் வகுப்பு, இரட்டைப் பின்னல். நாற்காலிகளைப் பார்த்தாள், விசிறியைப் பார்த்தாள், நீளப் பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். “இது டிடி டேபிள்தான மேடம்? இன்னும் பிரிக்கலியா?” என்று கேட்டாள். ஆவணியில் பிரிப்போம் என்றேன். பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போய்விட்டாள்.

முதல் நாள்தானே. ஒன்று ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து கோமுவிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அருள்கோமதி, என் ஒரே மகள், பதினோராம் வகுப்பு. “ம்” என்றாள். மே மாதத்திலிருந்து எல்லாவற்றுக்கும் ‘ம்’தான். நீயும் வாயேன் என்றேன். பள்ளியில் தினமும் ஆறரை வரை ஸ்பெஷல் கிளாஸ் என்றாள். இந்த வாரத்தில் அவள் பேசிய நீளமான வாக்கியம் இதுதான்.

ஜூலை 18, வெள்ளி

பிள்ளைகள் வந்தால் கட்டுப்பாடு வேண்டாமா? விதிகள் எழுதினேன். ஸ்கெட்ச் பேனாவில், நான்கு நிறத்தில், பன்னிரண்டு விதி. முதல் விதி: சத்தம் போடக் கூடாது. இரண்டாவது: செல்போன் கூடாது. ஒன்பதாவதை மட்டும் ஆறு தடவை மாற்றினேன். பார்க்க அத்தனை அழகு. வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி ஆணியடித்தேன்.

ரூபி வந்தாள். பன்னிரண்டையும் வாய்விட்டுப் படித்தாள். “பிரிக்கலியா மேடம்?” போய்விட்டாள்.

ஜூலை 21, திங்கள்

பள்ளி காலைக் கூட்டத்தில் பேச அனுமதி கிடைத்தது! அறுநூறு பிள்ளைகள். மைக்கைப் பிடித்ததும் எனக்கே என் குரல் பிடித்துப்போனது. “உங்களுக்காக ஒரு இடம், உங்களுக்கே உங்களுக்காக” என்று ஆரம்பித்து ஏழு நிமிடம் பேசினேன். கைதட்டல் கூரையைத் தூக்கியது. பதினோராம் வகுப்பு வரிசையில் கோமு தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயது அப்படி, அம்மா மேடையேறினால் கூச்சமாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் நாற்காலி பற்றாதோ என்று பக்கத்து வீட்டில் பத்து கேட்டு வைத்தேன்.

ரூபி வந்தாள்.

ஜூலை 22, செவ்வாய்

ரூபி. பத்து நிமிடம். பிரிக்கவில்லையா என்றாள்.

ஜூலை 23, புதன்

துண்டறிக்கை அடித்தேன். பழைய முதலாளி முகம் சுளிக்காமல் இருநூறு நகல் போட்டுக் கொடுத்தார். ‘வா நண்பா, வந்து பார்!’ என்று தலைப்பு. பேருந்து நிறுத்தம், தண்ணீர்த் தொட்டி, பீடிக் கடை, சைக்கிள் கடை எல்லா இடத்திலும் ஒட்டினேன். பசை காய்வதற்குள் ஆடிக் காற்று பாதியைக் கிளப்பிக்கொண்டு போனது. மீதியில் நாலைந்தை ஓர் ஆடு நின்று நிதானமாகத் தின்றது. அதற்காவது தலைப்பு பிடித்திருக்கிறதே என்று சிரித்துக்கொண்டேன்.

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. சுண்டல் கொடுத்தால் வருவார்கள் என்று நானே கண்டுபிடித்து, நானே பாராட்டிக்கொண்டு, மூன்று கிலோ கடலை ஊறவைத்தேன். தேங்காய், மாங்காய் எல்லாம் போட்டு அண்டா நிறைய. ரூபி இரண்டு தொன்னை வாங்கிக்கொண்டாள். பிறகு தயங்கித் தயங்கி, பையிலிருந்து ஒரு தூக்குவாளியை எடுத்து, வீட்டுக்குக் கொஞ்சம் கேட்டாள். முக்கால் அண்டாவை அள்ளிப் போட்டேன். அவள் வீட்டில் எத்தனை பேரோ, பாவம். மீதியை எதிர்வீட்டில் வெள்ளையடிக்கிறவர்கள் சாப்பிட்டார்கள். உப்பு சரியாக இருந்ததாம்.

ஜூலை 26, சனி

பரணைச் சுத்தம் செய்தேன். கோமுவின் மட்டையைக் காணவில்லை.

அதைப் பற்றி இங்கே எழுதியதில்லை. எழுத ஒன்றுமில்லை என்பதுதான் காரணம். பள்ளி டேபிள் டென்னிஸ் அணியில் இருந்தாள், மாவட்டம் வரை போனாள். பத்தாம் வகுப்பில் நானூற்றுப் பன்னிரண்டு எடுத்தாள். நான் நானூற்றைம்பது எதிர்பார்த்தேன். விளையாட்டு போதும் என்று சொல்லி மட்டையை எடுத்துப் பரணில் போட்டேன். அவள் நன்மைக்குத்தான். அவள் அப்பாவும் கோயம்புத்தூரிலிருந்து போனில், நீ செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்றார்.

மட்டையை எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும். இந்தப் பக்கத்து எலிகள் பெரியவை.

ஜூலை 29, செவ்வாய்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கை துறுதுறுவென்கிறது.

நாலு மணிக்கே ஓர் அம்மாள் வந்தார். பேச்சியம்மாள், மேலத் தெரு, பீடி சுற்றுகிறவர். பை நிறைய முருங்கைக்கீரை. என் கையைப் பிடித்துக்கொண்டார். “டீச்சரம்மா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். எங்க சங்கரி இங்க வர ஆரம்பிச்சதுல இருந்து ஆளே மாறிட்டா. நிமுந்து பேசுதா. வீட்டப் பெருக்குதா. இதுக்கு முன்னாடி அவ வெளக்குமாத்தத் தொட்டதே கெடையாது, பாத்துக்கிடுங்க.”

சங்கரி யார்? நான் பார்த்ததே இல்லை. கறுப்பா சிவப்பா, நெட்டையா குட்டையா ஒன்றும் தெரியாது. ‘உங்கள் மகள் ஒருநாளும் வந்ததில்லை’ என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்குச் சொல்ல மனம் வரும்? ஆமாம்மா, நல்ல பிள்ளை என்றேன். கீரையையும் வாங்கிக்கொண்டேன்.

அப்படியென்றால் அவள் தினமும் நாலரையிலிருந்து ஆறரை வரை எங்கே போகிறாள்?

ஜூலை 31, வியாழன்

சங்கரி மட்டும் இல்லை!

இரண்டு நாளாகக் கடைத்தெருவில் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். காய்கறிக் கடைக்காரர், பையன் ‘மன்றத்தில்’ கேரம் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். தையல்கார அக்கா மகள் ‘மன்றத்தில்’ மைக்கில் பேசுகிறாளாம். என் கேரம் பலகையும் என் மைக்கும் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. பேப்பர் எடுத்து எழுதிப் பார்த்தேன். அம்மா அப்பாக்கள் கணக்குப்படி என் மன்றத்துக்குத் தினமும் இருபத்துமூன்று பேர் வருகிறார்கள். என் கண் கணக்குப்படி முக்கால் ஆள், ரூபி பத்து நிமிடம்தானே இருக்கிறாள்.

ஊரே என்னை நம்பிப் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறது. பிள்ளைகள் என் பெயரைச் சொல்லிவிட்டு எங்கேயோ போகிறார்கள். கோபம் வர வேண்டும். வரத்தான் செய்தது. ஆனால் அதைவிட, எங்கே என்று தெரிந்துகொள்ளும் ஆர்வம் தலைக்கேறிவிட்டது. இருபத்துமூன்று பேர் தினமும், விடாமல், யாரும் கூப்பிடாமல் ஓர் இடத்துக்குப் போகிறார்கள். அப்படி என்ன இருக்கிறது அங்கே?

நல்லவேளை, என் கோமு பொய் சொல்லுகிறவள் இல்லை. ஸ்பெஷல் கிளாஸ் என்றால் ஸ்பெஷல் கிளாஸ்தான். இந்தத் தாய்மார்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. பெற்ற பிள்ளை எங்கே போகிறது என்றுகூடத் தெரியாமல் இருக்கிறார்களே.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கோமு ஐந்து தோசை தின்றாள். தொண்டை கட்டியிருக்கிறது, பாவாடையில் முழங்கால் பக்கம் தூசி, சட்டையில் சந்தன வாடை. வேதியியல் ஆய்வகமாக இருக்கும். அங்கே என்னென்னவோ ஊற்றுகிறார்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு (ஆடிப் பெருக்கு)

சித்ரான்னம் கிண்டினேன். எலுமிச்சை, தேங்காய், புளி. கோமு சாப்பிட்டுக்கொண்டே தன்னை அறியாமல் ஒரு பாட்டை முணுமுணுத்தாள். நான் நிமிர்ந்ததும் நிறுத்திவிட்டாள். நிமிர்ந்திருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 4, திங்கள்

திரவியம் சார் கூப்பிட்டார். எத்தனை பேர் என்றார். வளர்ந்துகொண்டிருக்கிறது என்றேன். அப்போதுதான் அவர் வாய்தவறிச் சொன்னார்: பெட்டிகளைப் பிரிக்காமல் வைத்திருப்பதும் ஒருவிதத்தில் நல்லதுதான், வேறு ஊர் என்றால் அப்படியே வண்டியில் ஏற்றிவிடலாம்.

ஆடிக்காகப் பிரிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னை நம்பாமல் பிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு நாற்பது நாற்காலிக்கு நடுவில் தனியாக உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். ரூபி வருகிற நேரமாயிற்று என்று முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

நாளைக்கு அவள் பின்னாலேயே போகப்போகிறேன். முடிவு பண்ணியாயிற்று.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

ரூபி வழக்கம்போல் வந்து, பெட்டியைப் பார்த்து, கேள்வியைக் கேட்டுவிட்டுக் கிளம்பினாள். சாரல் போட்டுக்கொண்டிருந்தது. குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பேருந்து நிறுத்தம் தாண்டி, பெரிய கல்யாண மண்டபத்தின் பின்வாசலில் நுழைந்தாள்.

கல்யாண மண்டபம்! எனக்கு ஏன் தோன்றவில்லை? ஆடியில் ஊரில் ஒரு கல்யாணம் கிடையாது. மாதம் முழுக்க மண்டபம் பூட்டிக் கிடக்கும். நாமெல்லாம் ஆடி என்று எதையும் ஆரம்பிக்காமல் உட்கார்ந்திருக்கிறோம். பிள்ளைகளுக்கோ ஆடி என்றால் ஊரிலேயே பெரிய இடம் காலி என்று அர்த்தம்.

வாசலில் காவல்காரர் மாடக்கண்ணு அண்ணன் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். தினமும் மண்டபத்தைப் பெருக்கித் துடைத்து விளக்கேற்ற வேண்டும் என்பது முதலாளி உத்தரவு, அவருக்கோ இடுப்பு வலி. பிள்ளைகள் பெருக்கிக் கொடுக்கிறார்கள், பதிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்துகொள்கிறார்கள். ஆடி கடைசி நாள் வரை என்று பேச்சாம். “ஒரு பூச்சாடி ஒடையல, ஒரு லைட்டு வீணா எரியல. காட்டிக் குடுத்துராதிய தாயி” என்றார்.

உள்ளே போகவில்லை. பந்தி நடக்கும் கூடத்தின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

சாப்பாட்டு மேசை நாலைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். நடுவில் வலைக்குப் பதில், அலங்காரக்காரர்கள் விட்டுப்போன பிளாஸ்டிக் சாமந்திச் சரத்தை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதன்மேல் பந்து பறந்தது. மணமகள் அறைக் கதவு திறந்திருந்தது, ஆளுயரக் கண்ணாடி முன்னால் ஏழெட்டுப் பெண்கள் ஆடினார்கள். ஒருத்தி கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்று பேசினாள். “உங்களுக்காக ஒரு இடம், உங்களுக்கே உங்களுக்காக” என்று என்னைப் போலவே கையை ஆட்டிப் பேசினாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அத்தனை அச்சாக இருந்தது. மூலையில் சிலர் வீட்டுப்பாடம் எழுதினார்கள். அந்தச் சத்தத்திலும் எழுதினார்கள்! எண்ணினேன். முப்பத்தேழு பேர்.

மேசையின் அந்தப் பக்கம் ஆடியது யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. அந்த மட்டையின் பிடியில் நீல நிற நாடா சுற்றியிருந்தது. அதைச் சுற்றிக் கொடுத்தது நான்தான், ஏழாம் வகுப்பில். அவள் ஓர் அடி அடித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். மேல்வரிசையில் ஓரத்தில் ஒரு தெற்றுப்பல் இருக்கிறது அவளுக்கு. சிரித்தால்தான் தெரியும். அதைப் பார்த்து மூன்று மாதம் ஆயிற்று.

சாரலில் முதுகு நனைந்தது. குடை இருப்பதையே மறந்து பக்கத்தில் வைத்துவிட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மண்டப முதலாளியின் எண் என்னிடம் இருக்கிறது. ஒரே ஒரு போன். “உங்கள் மண்டபத்தில் பிள்ளைகள் நுழைகிறார்கள்” என்று சொன்னால் போதும், பின்வாசலுக்குப் பூட்டு விழும். நாளைக்கே முப்பத்தேழு பேருக்கும் போக்கிடம் இருக்காது. இங்கேதான் வருவார்கள். என் வேலையும் நிலைக்கும், பலகையும் நிலைக்கும்.

எண்ணை அழுத்தினேன். ஒரு மணி அடித்தது. துண்டித்துவிட்டேன்.

பூட்டினால் வருவார்கள்தான். யார் பூட்டியது என்று ஒருநாள் தெரியும், அதற்குப் பிறகு எந்தப் பெரியவரையும் நம்ப மாட்டார்கள். பரணில் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, நன்மைக்குத்தான் என்று நான் சொன்ன மாதிரிதான் இதுவும் இருக்கும். அன்று எழுதாமல் விட்டதை இன்றுதான் எழுதுகிறேன். நான் செய்தது தவறு.

நாளை அம்மன் கோயில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குப் பள்ளி விடுமுறை. சாயங்காலம் தென்காசி போய் மூன்று டேபிள் டென்னிஸ் பந்து வாங்கிவந்தேன். மண்டபத்தில் ஆடிய பந்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததைப் பார்த்திருந்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கோமுவின் சாப்பாட்டுப் பையில், டப்பாவுக்குப் பக்கத்தில் மூன்று பந்தையும் வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் அவளும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டு டப்பா கழுவித் துடைத்து வந்திருந்தது. பதினாறு வருஷத்தில் இது முதல் தடவை!

ஆகஸ்ட் 11, திங்கள்

பிரித்துவிட்டேன்.

ஆடி இருபத்தாறு. நல்ல நேரம் பார்க்கவில்லை, திரவியம் சாரைக் கேட்கவில்லை. காய் நறுக்கும் கத்தியை எடுத்து நீளப் பெட்டியின் நாடாவைக் கீறினேன். கிழியும் சத்தம் அத்தனை சுகமாக இருந்தது. சைக்கிள் கடையில் ஸ்பானர் வாங்கிவந்து தனி ஆளாக நாலு மணி நேரம் முறுக்கினேன். ஒரு காலைத் தலைகீழாக மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினேன். விரலில் இரண்டு கொப்புளம். கடைசியில் பார்த்தால் வலை இல்லை! பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன், வைக்க மறந்திருக்கிறார்கள். பரவாயில்லை, மேசை நிற்கிறதே. பச்சைப் பசேலென்று, நடுவில் வெள்ளைக்கோட்டோடு, புதுசாக நிற்கிறது.

கேரம் பலகை நாலையும் பிரித்தேன். மைக்கில் “ஹலோ, ஹலோ” என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நாற்காலிகளை வரிசையிலிருந்து கலைத்தேன். விதிப்பலகையைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பி மாட்டிவிட்டேன். அந்தப் பக்கம் வெறும் வெள்ளை.

நாலரைக்கு ரூபி வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். மேசையைப் பார்த்தாள், என் கொப்புளத்தைப் பார்த்தாள். “ஆடி இன்னும் முடியலியே மேடம்” என்றாள். ஆமாம் என்றேன். உட்காராமலேயே திரும்பி ஓடினாள். அவள் ஓடிய வேகத்தைப் பார்த்து வாசல்வரை போய் நின்றேன். இத்தனை நாளும் அவள் எதற்குத் தினமும் வந்தாள் என்பது இப்போது புரிகிறது. சுண்டல் எங்கே போனது என்பதும்தான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

யாரும் வரவில்லை. ரூபியும் வரவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

ஆறரை வரை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

திரவியம் சார் நேரில் வந்துவிட்டார். மேசையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. யாரைக் கேட்டுப் பிரித்தீர்கள் என்றார். வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். அதில் ஒரே ஒரு பெயர், அதுவும் மூன்று நாளாக இல்லை. திங்கட்கிழமை வண்டிக்குச் சொல்லிவைக்கிறேன், எல்லாவற்றையும் பழையபடி கட்டிவையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கட்டவில்லை. கட்டமாட்டேன். வண்டி வந்தால் அவரே கழற்றிக்கொள்ளட்டும், மறுபடி மாட்டும்போது அவருக்கும் ஒரு கால் தலைகீழாகத்தான் போகும்.

ஆகஸ்ட் 16, சனி (ஆடி கடைசி)

ரேஷன் கடையில் மாடக்கண்ணு அண்ணன். திங்கட்கிழமை பந்தல்காரர்கள் வருகிறார்களாம், புதன்கிழமை முதல் முகூர்த்தம். “சொன்ன சொல்ல மாறாம இன்னைக்கு வரைக்கும் பெருக்கிட்டுப் போயிட்டாவ. இன்னைக்கு மேடையத் தண்ணி ஊத்திக் கழுவித் தந்தாவ பாத்துக்கிடுங்க” என்றார். கண்கூட லேசாகக் கலங்கியிருந்தது.

அப்படியானால் திங்கட்கிழமை அவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. ஆற்றங்கரை, பழைய அரிசி ஆலை, எத்தனையோ இடம் இருக்கிறது.

கோமுவிடம் கேட்கலாம். கேட்டால் ஒருவேளை அழைத்துக்கொண்டும் வருவாள், அம்மாவுக்கு வேலை போகும் என்று சொன்னால் வராமல் இருப்பாளா? அதனால்தான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள் (ஆவணி 2)

நிதானமாக எழுத வேண்டும். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

நாலு மணிக்குத் தலைமை அலுவலக அம்மாள் வந்துவிட்டார். கண்ணாடி, பருத்திப் புடவை, அதிகம் பேசாதவர். திரவியம் சார் கூடவே. வெளியே ஒரு சின்ன வண்டியும் நின்றது. நாலரை ஆயிற்று. நாலு நாற்பது. அந்த அம்மாள் மேசையைத் தடவிப் பார்த்து, வலை எங்கே என்று கேட்டார். வரவில்லை என்றேன். திரவியம் சார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு வாசலைப் பார்க்கப் பயமாக இருந்ததால் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சத்தம்தான் வந்தது. தெருமுனையிலிருந்து, ஒரு கல்யாண ஊர்வலம் வருகிற மாதிரி. வண்டிக்காரர் இறங்கி ஓரமாக நின்றார். முன்னால் ரூபி, கையில் சுண்டல் தூக்குவாளி. பின்னால் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து பிளாஸ்டிக் சாமந்திச் சரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பின்னால் விளக்குமாறு நாலு, மட்டைகள், புத்தகப் பைகள். வாசலில் அத்தனை செருப்பு நான் பார்த்ததே இல்லை. உள்ளே நுழைந்ததும் யாரையும் கேட்காமல் சரத்தை மேசைக்கு நடுவில் கட்டினார்கள். நெட்டையான ஒரு பெண் என்னிடம் வந்து, “நான்தான் சங்கரி. எங்கம்மாட்ட என்னைக் காட்டிக் குடுக்கலியாம்லா மேடம், நன்றி” என்றாள்.

அந்த அம்மாள் பதிவேடு கேட்டார். என்னுடையதை எடுக்கத் தயங்கினேன். அப்போது கோமு கூட்டத்திலிருந்து வந்து, தன் பையிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். அட்டையில் கொட்டை எழுத்தில்: ‘வளரிளம் பருவத்தினர் மன்றம், நல்லூரணி.’

திரவியம் சார் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கோமுதான் பதில் சொன்னாள். என்னைப் பார்க்காமல், அந்த அம்மாளிடம் சொன்னாள். “வீட்ல மன்றத்துக்குப் போறோம்னு சொல்லிட்டு வந்தோம். அது பொய்யாகிறக் கூடாதுன்னு அங்கயும் இதே பேர வச்சுட்டோம். இங்க மேச பெட்டிக்குள்ள இருந்துச்சு. இப்ப வெளிய வந்துருச்சு, நாங்களும் வந்துட்டோம்.”

அந்த அம்மாள் நோட்டைப் புரட்டினார். ஆடி ஒன்று முதல், ஒருநாள் விடாமல் இருந்தது. புரட்டியவர் ஓரிடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நோட்டை என் பக்கம் திருப்பினார்.

முப்பத்தேழு பெயர்கள். கடைசியில் முப்பத்தெட்டாவதாக என் பெயர். ஜூலை 17, வரவில்லை. ஜூலை 18, வரவில்லை. வரிசையாக வரவில்லை, வரவில்லை. ஆகஸ்ட் 5-க்கு நேராக, கட்டத்துக்குள் அடங்காமல், பொடி எழுத்தில்: ‘வந்தார். ஜன்னல் வரை.’

என்னைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் அந்த அடி அடித்தாளோ, சிரித்தாளோ, எனக்குத் தெரியவில்லை. பந்து வைத்த நாளில்கூட வாயைத் திறக்கவில்லையே.

பேரைக் கூப்பிடட்டுமா என்று கோமு கேட்டாள். கூப்பிடும்மா என்றார் அந்த அம்மாள். வெளியே வண்டிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டார். ஒவ்வொரு பெயராக வாசித்தாள். உள்ளேன், உள்ளேன் என்று மூலைக்கு மூலை குரல். திரவியம் சார் விரல்விட்டு எண்ணியவர், முப்பதைத் தாண்டியதும் கையைப் பையில் போட்டுக்கொண்டார். முப்பத்தேழாவது ரூபி. அவள் வாய் நிறையச் சுண்டலோடு “உள்ளேன்” என்றாள்.

“முப்பத்தெட்டு. ஆவுடைச்செல்வி.”

“உள்ளேன்” என்றேன். காற்றுதான் வந்தது.

கோமு நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பேனா கட்டத்தின்மேல் காத்துக்கொண்டிருந்தது. தெற்றுப்பல் மட்டும் தெரிந்தது. “சத்தமாச் சொல்லணும் மேடம்” என்றாள்.

சத்தமாகச் சொன்னேன்.